வெள்ளை விரல் பதிந்த சீட்டு

காலை 9.10. பிஸ்கட் டப்பாவில் மூன்று சீட்டுகளே கிடந்தன. தையற்கடை அக்கா டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள்.

சின்னக் கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் தோள்கொடுக்க ஒரு குழு. தொடங்கியவள் அவள்தான். பேக்கரிக்கு வார விடுமுறை என்பதால் முதல் கூட்டம் நேற்று அவள் கடையில் நடந்தது. அவள், கடிகாரக்காரர், அச்சகத் தம்பி, பேக்கரி அண்ணன் என நாலு பேர். வெளியே சொல்லமுடியாத தொழில் பயம் ஒன்றை ஆளுக்கொரு சீட்டில் பெயரில்லாமல் எழுதி, மடித்து, டப்பாவில் போட்டார்கள். இன்று பத்து மணிக்குப் படிப்பதாக ஏற்பாடு.

காணாமல் போனது அவளுடைய சீட்டு. ‘கண் மங்குகிறது. தையல் கோணுவது எனக்கே தெரிவதில்லை.’ இது தெருவில் பரவினால் யார் துணி கொண்டுவருவார்?

9.25. குழுவில் மூத்தவரான கடிகாரக்காரர், கடிகாரம் பழுதுபார்க்கும் பூதக்கண்ணாடி வில்லையைக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தார்.

“பிரிக்காமலே உன்னோடதுதான் போச்சுன்னு எப்படிம்மா சொல்றே?”

“துணியில கோடு போடற சாக் பிடிச்ச கை ஐயா. வெள்ளையா விரல் பதிஞ்சிருக்கும்.”

“ம். இதுல மை, அச்சகத் தம்பியோடது. எண்ணெய்க்கறை என்னோடது. இது ஒண்ணுதான் சுத்தம். காலையில யார் வந்தாங்க?”

“எட்டுக்கு அச்சகத் தம்பி. எட்டரைக்கு பேக்கரி அண்ணன், கிழிஞ்ச ஏப்ரனோட. ரெண்டு பேரையும் தனித்தனியா நிக்கவெச்சுட்டு உள்ளே போனேன்.”

“மேசையில என்ன கருகல்?”

“அண்ணன் வந்தப்போ இஸ்திரிப்பெட்டியத் துணிமேலயே மறந்துட்டேன். உள்ளே வரைக்கும் நாத்தம். நான்தான் ஓடிவந்து எடுத்தேன்.”

“அவர் எங்கே நின்னார்?”

“இதோ, பக்கத்துலயே.”

கடிகாரக்காரர் குனிந்து கருகலை முகர்ந்து பார்த்தார்.

10.00. இருவரும் வந்தார்கள்.

“என்னக்கா, எழவு வீடு மாதிரி இருக்கு?” என்றான் அச்சகத் தம்பி. பேக்கரிக்காரர் உட்காரவே இல்லை.

“பேக்கரி, சீட்டைக் குடுத்துடும்” என்றார் கடிகாரக்காரர்.

“நானா? அவளோடது எனக்கு எதுக்கு?”

“அவளோடதை நீர் தேடலையே. உம்மோடதைத்தான் தேடினீர். வெள்ளை விரலைப் பாத்ததும் மாவுன்னு நெனச்சுட்டீர். நேத்து உமக்கு லீவு ஓய், கையில மாவு ஏது? சுத்தமா கிடக்கே, அதுதான் உம்மோடது.”

“எனக்கு என்ன பயம்?”

“மணத்துலயே ரொட்டிப் பதம் சொல்ற ஆளு நீர். மூக்குக்குக் கீழே துணி கருகுது, அசையாம நின்னீரே?”

பேக்கரிக்காரர் அப்போதுதான் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார்.

“மூணு மாசமா ஒரு வாசனையும் தெரியலம்மா. யோசிச்சுப் பாத்தேன், வெளியே தெரிஞ்சா கடையே போச்சு. என் சீட்டை எடுத்துடலாம்னுதான் வந்தேன்.”

“என்னோடதைப் படிச்சீங்களா?”

“படிச்சப்புறம்தான் தப்பா எடுத்தது தெரிஞ்சது. திருப்பி வைக்க தைரியம் வரல.”

பயம் போகவில்லை. ஆனாலும் அவள் தன் சீட்டை வாங்கிப் பிரித்து, தன் குரலிலேயே உரக்கப் படித்தாள். பிறகு சொன்னாள்:

“உங்க அடுப்புகிட்ட நான் வந்து மோந்து பாக்கறேன் அண்ணே. என் தையலை நீங்க பாத்துச் சொல்லுங்க.”

அச்சகத் தம்பி டப்பாவின் பக்கம் நகர்ந்தான். மைக்கறைச் சீட்டை நோக்கித் தானே கையை நீட்டினான்.