காற்றுக் குழாய்

குப்பியில் தண்ணீர் இன்றைக்கும் மஞ்சளாகத்தான் நின்றது. காலையில் இதே தொட்டித் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டபோது நல்ல பச்சை. பச்சை என்றால் பி.எச். சரியாக இருக்கிறது, மஞ்சள் என்றால் புளிப்பு ஏறிவிட்டது, மீன் தாங்காது. புருஷன் வளன் ஆனிக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

கடலில் சங்கு குளிக்கப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, விரலை விட்டுக் கழற்றவே மாட்டேன் என்று போட்டிருந்த கல்யாண மோதிரமும் அவனோடு போயிற்று. முத்தையாபுரம் வீட்டுப் புறவாசலில் அவன் கட்டிய இடுப்பளவுத் தொட்டியும், ஜிலேபி மீன்களும், அந்த மீன் தண்ணீரைக் குடித்துச் சரளைக்கல்லில் வளரும் கீரையும்தான் அவளுக்கு மிச்சம். ஆன்மாவுக்குப் பூசை வைக்கலாமா என்று பங்குச்சாமி கேட்டபோது, "அவரு மீனு உசிரோடதான் இருக்கு சாமி" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பைத்தியக்காரி என்று ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும்.

மஞ்சளானால் சிப்பி. இடித்த சிப்பியை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டால் மெல்லக் கரைந்து புளிப்பை முறிக்கும். ஏற்கெனவே நாலைந்து பை தொங்கின. இன்னொன்றை இறக்கும்போது, மோட்டாரிலிருந்து தண்ணீருக்குள் போகும் காற்றுக் குழாய் வெடுக்கென்று அசைந்தது. மீன் முட்டுகிறது. ஒரு வாரமாகவே முட்டுகிறது. தண்ணீரில் எழும் உப்பு வாடைதான் அவளுக்குப் பிடிபடவில்லை. கீரைத் தண்ணீரில் கடல் எப்படி மணக்கும்?

புதுக்கோட்டையில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கும் பொன்னுதுரை அண்ணாச்சிக்குப் போன் போட்டாள்.

"எத்தன மீனும்மா கெடக்கு?"

"பத்துப் பன்னெண்டு இருக்கும் அண்ணாச்சி."

"அதுக்கெல்லாம் பி.எச். இப்படி எறங்காதே. மூச்சு விடுத உசிரு கூடுனாத்தான் தண்ணி ஒரே நாள்ல இப்படிப் புளிக்கும். உள்ள வேற ஏதும் கெடக்கான்னு நல்லாப் பாரு."

"வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பொழுது சாய்ந்தது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் உறுமலும், உப்புக் காற்றில் கீரைத்தண்டுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தமும், எல்லாவற்றுக்கும் அடியில் மோட்டாரின் ஓயாத இரைச்சலுமாக அந்தப் புறவாசல் இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போயிற்று. மோட்டார் நின்றது.

குமிழிகள் நிற்கவில்லை.

"ஏளா ஆனி..."

வேலிக்கு அப்பால் அண்ணன் ஜெனோ. வளன் மூழ்கிய அன்று, படகிலிருந்து அவனுக்குக் காற்று போகும் மூச்சுக் குழாயைப் பிடித்திருந்தவன். அதை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். தங்கச்சி தாலிக்கு அவன்தானே காவல். கீழிருந்து மூன்று இழுப்பு வந்தால் மேலே தூக்க வேண்டும். இழுப்பு வந்தது. அலை என்று நினைத்துவிட்டான். ஆனி அவனைத் திட்டாத திட்டில்லை. அன்றிலிருந்து வீட்டுக்குள் விட்டதுமில்லை.

"கரண்டு போச்சே, மீனுக்குக் காத்து வேணுமேன்னு பேட்டரி கொண்டாந்தேன்" என்றபடி தயங்கித் தயங்கி உள்ளே வந்தவன் தொட்டியருகே நின்றுவிட்டான்.

குழாய் அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

சற்று நேரம் சும்மா இருந்தது. மறுபடி மூன்று.

பேட்டரி அவன் கையிலிருந்து நழுவியது. "அன்னைக்கும் இப்படித்தாம்ளா இழுத்துச்சு..."

ஐயோ. வளன் ஒரு வாரமாக இழுத்திருக்கிறான். இவள் மீன் என்று நினைத்தாளே! அண்ணனைப் பாவி என்றவள், அதே பாவத்தைச் செய்துவிட்டாளே!

"இந்தா தூக்குதேன்... வந்திருங்க." குழாயை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். மீன்கள் வெள்ளை வயிற்றோடு மிதக்கத் தொடங்கின. அவள் பார்க்கவில்லை.

இரண்டு முழக் குழாய் அது. வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடல் மணல் ஒட்டிய குழாய் அவள் காலடியில் சுருள் சுருளாக விழுந்து முழங்கால் வரை ஏறியது. உள்ளங்கை கிழிந்தது. அடியில் பாரம்.

"விட்ருளா!" ஜெனோ அழுதான்.

கறுப்புத் தண்ணீரில் ஒரு கை மேலே வந்தது. குழாயை இறுகப் பிடித்திருந்தது. மோதிரம் இல்லை.

அதன் கீழே இன்னொரு கை. மோதிரம் இல்லை. அதற்கும் கீழே இன்னொன்று. இன்னொன்று.

கடல் கொண்டுபோன யார் யாருடைய கைகளோ, எதிலும் மோதிரம் இல்லை. ஆனி இழுத்துக்கொண்டே இருந்தாள்.