அறுபத்தோராம் அடுக்கு

அறுபது அடுக்கோடு முடிந்திருக்க வேண்டிய படம், அறுபத்தொன்றிலும் பச்சையாக ஒளிர்ந்தது.

அவள் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டாள். வெளியே ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆனால் லேசர் நுண்ணோக்கி இருக்கும் அறைக்கு வெயிலே ஆகாது. கறுப்புத் திரைச்சீலை, குளிர்சாதனத்தின் ஓயாத முனகல், சூடேறிய தூசியின் வாடை. கண்ணாடிச் சில்லில் இருந்தது மயிரிழைத் தடிமனில் ஒரு மூளைத் துணுக்கு. லேசர் அதை வெட்டாமலே அடியிலிருந்து அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும். கணினி அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து முழு உருவமாக்கும். சில்லின் மேல் எண் மட்டுந்தான். அதை ஒட்டியவள் அவள். இறந்துபோன புருஷனை இரண்டு வருடமாக, விடுமுறை நாளில் பார்க்க அவளுக்கு வேறு இடமில்லை.

கைபேசி அதிர்ந்தது. தங்கை.

"அக்கா, இன்னைக்கும் அங்கதானா? அந்த மெஷினோடயே குடித்தனம் பண்றியா?"

"ஒரே ஒரு படம்டி. முடிச்சிட்டு வந்துடறேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. பசங்க பெரியம்மா எங்கன்னு கேட்டுட்டே இருக்காங்க."

பேசி முடித்து, லேசரை மறுபடி ஓட்டினாள். மருந்தில் ஊறி இறுகிய திசு. அதில் எதுவும் வளராது. அறுபதுக்கு மேல் இருப்பது துணுக்கை மூடிய கண்ணாடி. அது இருட்டாகத்தான் தெரியவேண்டும்.

அறுபத்திரண்டு. அறுபத்தெட்டு. எண்பது.

சேர்ந்த உருவத்தை மெல்லத் திருப்பினாள். நரம்புக் கிளைகள் நாலாபுறமும் பரவியிருக்கவில்லை. எல்லாம் ஒரே பக்கமாக நிமிர்ந்து, கண்ணாடியைத் துளைத்து நீண்டிருந்தன. பார்ப்பவளை நோக்கி.

லேசரை அணைத்தாள்.

பச்சை அணையவில்லை.

எழுந்து ஓடிக் கதவுப் பிடியைப் பற்றினாள். வீடு நினைவுக்கு வந்தது. ஒரு தட்டு. ஒரு டம்ளர். கை பிடியிலிருந்து நழுவியது.

"நீங்களா?" என்றாள், திரும்பி.

லென்சைச் சுற்றிக்கொண்டு, சிலந்தி இழையைவிட மெல்லியதாய் ஒரு பச்சைக் கோடு காற்றைத் தடவிக்கொண்டிருந்தது. விரலை நீட்டினாள்.

வலிக்கவில்லை. நகக்கண்ணில் நுழைந்தது. மணிக்கட்டு. முழங்கை. தோலுக்கடியில் பச்சையாக ஏறியது.

அவர் தொடுகை அவளுக்குத் தெரியும். இது கழுத்தைத் தொட்டபோதுதான் புரிந்தது.

இது அவர் இல்லை.

கத்த வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. சில்லில் மிச்சமிருந்த இழைகளும் ஒவ்வொன்றாக எழுந்து, திறந்த அந்த வாயை நோக்கி வளைந்தன.