ஒரே ஒரு காற்றுக்குழாய்

"கடைசி நட்டும் கழந்துட்டுல!"

சுடலைமுத்து ஸ்பானரை வீசிவிட்டுக் கூத்தாடினான். சங்குப்பாறையில் மோதிப் பதினோரு வருடமாகத் துருப்பிடித்துக் கிடக்கும் சரக்குக் கப்பல் அது. அதன் எஞ்சின் அறைத் தரைக்கும் கீழே இருந்த தொட்டியின் மூடியைத்தான் இப்போது கழற்றியிருந்தார்கள். பயிற்சிக் கல்லூரியின் பழைய வரைபடக் கட்டில் அவன் கண்டெடுத்த தாளில், அந்தத் தொட்டியைச் சுற்றிப் பென்சில் வட்டமும் 'தங்கம்' என்ற சொல்லும் இருந்தன. அதை நம்பித்தான் ஜெனிட்டாவும் கிளிட்டஸும் அவனோடு வள்ளம் ஏறினார்கள்.

மூவரும் கப்பல் எஞ்சின் படிப்பில் கடைசி வருடம். வந்த இரண்டே நாளில், கப்பலின் அவசரகால கம்ப்ரசரை, கையால் சுழற்றிக் கிளப்பும் டீசல் காற்றடிப்பானை, பிரித்துக் கழுவி ஓடவைத்துவிட்டார்கள். அந்தக் காற்றில் சுழலும் ஸ்பானருக்குத்தான் துருவேறிய நட்டுகள் அசைந்துகொடுத்தன. ஜெனிட்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஏல, மொதல்ல உள்ள காத்து அடிப்போம். அரைமணி நேரமாவது அடிக்கணும்," என்றாள்.

"டீசல் ஒரு லிட்டர்தான் கெடக்கு. தண்ணி வத்திட்டுன்னா வள்ளம் தரைதட்டிரும். ரெண்டே நிமிசம் ஏளா!" என்றான் சுடலை.

மூடிக்கிடக்கும் இரும்புத் தொட்டியில் துருவே காற்றின் உயிரான ஆக்சிஜனைத் தின்றுவிடும். தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் சுடலைதான். ஆனாலும் டார்ச்சோடு ஏணியில் இறங்கினான். "பெட்டி இருக்குல!" என்று கத்தினான். அடுத்து, டார்ச் விழும் சத்தம். அப்புறம் சத்தமே இல்லை.

"சுடல!" கிளிட்டஸ் பாய்ந்தான்.

"எறங்காதல!" ஜெனிட்டா அவன் சட்டையைப் பிடித்தாள். கையில் பித்தான்தான் மிஞ்சியது. பாதி ஏணியில் பிடி நழுவி அவனும் தொப்பென்று விழுந்தான்.

அவள் காலும் ஏணியைத் தேடியது. இறங்கினால் மூன்று பிணம்! திரும்பி ஓடினாள். கம்ப்ரசர் இருந்த மேல்தளம்வரை ஒவ்வொரு படியிலும் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள். அவசரத்தில் கைப்பிடியைக் கட்டைவிரலாலும் வளைத்துப் பிடித்துச் சுழற்றினாள். பயிற்சியில் கூடவே கூடாது என்று சொன்ன பிடி அது. எஞ்சின் உதைத்துத் திரும்பியது. விரல் முறிந்தது. அழுதுகொண்டே இடது கையால் மறுபடி சுழற்றினாள். எஞ்சின் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது!

குழாயை இழுத்துக்கொண்டு தொட்டி வாய்க்கு வந்தாள். கீழே எரிந்துகொண்டிருந்த டார்ச் வெளிச்சத்தில் ஏணிக்கு இந்தப் பக்கம் சுடலை, அந்தப் பக்கம் கிளிட்டஸ். கையில் இருப்பதோ ஒரே குழாய். சுடலை விழுந்து நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். கிளிட்டஸ் பிந்தி விழுந்தவன்; பிழைக்க வாய்ப்பு அவனுக்குத்தான் கூடுதல்.

"மன்னிச்சிருல சுடல," என்று சொல்லி, குழாயைக் கிளிட்டஸின் முகத்தருகே இறக்கினாள்.

எவ்வளவு நேரம் போனதோ, கிளிட்டஸ் இருமினான். கண் விழித்ததும், அவள் சொல்வதற்கு முன்பே குழாயை இழுத்துக்கொண்டு சுடலையிடம் தவழ்ந்தான். அவன் முகத்தில் காற்றை அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான்.

"ஜெனி... இவன் எந்திரிக்க மாட்டேங்கான்," என்றான்.

எஞ்சின் அறையில் பாரம் தூக்கத் தொங்கிய செயின் பிளாக்கின் கொக்கியை இரண்டு முறை இறக்கினாள். முதலில் கிளிட்டஸ் வந்தான். அடுத்து, அவன் கயிறு கட்டிவைத்திருந்த சுடலையின் உடல் வந்தது. பெட்டிக்காக அதை மூன்றாம் முறை இறக்கவில்லை. பிற்பாடு பெட்டியைச் சுங்கத்துறையினர் எடுத்துப் போனார்களாம். உள்ளே தங்கமே இருந்ததாம். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு.

"தொட்டிக்குள்ள கூட்டாளி மயங்கி விழுந்துட்டான். முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டார் தேர்வாளர்.

ஜெனிட்டா கோணிப்போன கட்டைவிரலை மடக்கிக்கொண்டாள்.

"ஓடணும் சார். அவன அங்கேயே விட்டுட்டு, காத்துக்கு ஓடணும்."

தேர்வாளர் முழு மதிப்பெண் போட்டார். வெளியே அடுத்த தேர்வு எண் சுடலையுடையது. அதைத் தாண்டிக் கிளிட்டஸின் பெயரைக் கூப்பிட்டார்கள்.