பின்கால்களில் பாரம்

கம்பளத்தில் இரண்டு குழிகள் விழுந்திருந்தன, கதிரையின் பின்கால்கள் நிற்கும் இடத்தில் மட்டும். அதில் ஒருவரும் உட்கார்ந்ததில்லையே என்று அகஸ்ரின் குனிந்து தடவிப் பார்த்தார். குழிகள் வெதுவெதுப்பாக இருந்தன.

புறூவே என்ற பிரெஞ்சுக்காரர் வடிவமைத்த கதிரை அது. உட்காருகிறவரின் பாரம் பின்னால்தான் விழும் என்று, பின்கால்களை இரும்புத் தகட்டில் அகலமாகச் செய்திருந்தார். குடியேறி வந்த வெக்ஸ்போர்டில், பழைய தளபாடங்களைத் திருத்தி விற்கும் பட்டறையில்தான் அகஸ்ரினுக்கு வேலை. அங்கே பிரான்சின் ஏதோ பழைய விடுதியிலிருந்து அப்படி ஆறு கதிரைகள் வந்தன. விற்கிற சாமான் புதிதுபோல மினுங்க வேண்டும் என்று நம்பிய அகஸ்ரின், ஒன்றைச் சுரண்டிப் பச்சைப் பெயின்ற் அடித்து ஆசையோடு காட்டினார். முதலாளியம்மா தலையில் கைவைத்துவிட்டாள். வாங்குகிறவர்கள் அந்தப் பழைய கீறல்களுக்காகத்தான் வருவார்களாம். நீயே கொண்டுபோ என்றாள்.

மனைவி வேரோனிக்கா அதைச் சாப்பாட்டு மேசையடியில் போட்டு, "இது தம்பிக்கு" என்றாள்.

தம்பி என்றது மகன் பேனாட்டை. இங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் சரிவரும்வரை யாழ்ப்பாணத்தில் சித்தியோடு விட்டுவந்த பிள்ளை. போன வருடம், தொண்ணூற்றாறில், சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவனுக்கு ஆன்மசாந்திப் பூசை ஒப்புக்கொடுக்கும் பேச்சை எடுத்தாலே அவள் எழும்பிப் போய்விடுவாள்.

நவம்பர் பிறந்த முதல் ஞாயிறு, இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கோயிலில் பீடத்தடியில் வைக்கிற உறைக்குள், அகஸ்ரின் அவளுக்குத் தெரியாமல் மகனின் பெயரையும் எழுதிப் போட்டார். யாராவது அவனுக்காகச் செபிக்கட்டுமே என்ற தவிப்புத்தான். ஆனால் எழுதி முடித்த அந்த நிமிடத்தில் தானே பிள்ளையைக் கொன்றுவிட்டதுபோல இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் குழிகள்.

இன்று ஐந்து மணிக்கே வெளியே இருண்டுவிட்டது. ஹீற்றர் நெடுநேரமாகச் சீறிக்கொண்டிருக்க, புதுப் பெயின்றின் நெடிக்கு அடியில், மழையில் ஊறிய மண்ணின் மணம் மெல்ல மெல்ல மேலே வந்து அறையெங்கும் நிறைந்தது. மூன்றாம் மாடியில் ஏது மண்?

"வேரோனிக்கா, உந்தக் கதிரையைத் திருப்பிக் குடுப்பம்."

"ஏன்? அவன் இப்பதானே வந்திருக்கிறான்."

அவள் கதிரைக்கு முன்னால் கோப்பையை வைத்துச் சோறு போட்டாள். மீன்குழம்பு ஊற்றினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு. அதைப் பார்க்க அகஸ்ரினுக்கு அழுகை வந்தது.

இரும்பு முனகியது.

பின்கால்கள் கம்பளத்துக்குள் இறங்கின. இன்னும் கொஞ்சம். இன்னும்.

வேரோனிக்கா கதிரைப் பக்கம் காதைச் சரித்தாள். சிரிப்பு மறைந்தது.

"இஞ்சாருங்கோ, தம்பி உங்களிட்டை ஒண்டு கேக்கிறான்."

அகஸ்ரின் கதிரையைப் பார்த்தார்.

"செத்த ஆக்களோட தன்ர பேரை ஏன் எழுதினனீங்கள் எண்டு கேக்கிறான்."

கதிரை மெல்லப் பின்னுக்குச் சாய்ந்தது. முன்கால்கள் தரையை விட்டு எழுந்தன. விழவில்லை. பின்கால்கள் இரண்டிலும் பாரத்தைத் தாங்கியபடி, அவர் வாயைத் திறக்கும்வரை, அப்படியே நின்றது.