பீங்கான் வரும் வரை

நெய்தல் குடியிருப்பில் வாய் கொப்பளித்த தண்ணீரை யாரும் கண்ட இடத்தில் துப்புவதில்லை. கழுவுதொட்டியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழலில் வாயை வைத்து ஊதிவிட வேண்டும். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு மிடறு நீரும் வீணாகக் கூடாது. அது வடிகட்டிகளின் வழியே போய், இரண்டு நாளில் யாருடைய காப்பியிலாவது வந்து சேரும். போகிற வழியில் குழல் அதைச் சோதித்துப் பார்த்து, யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யாருக்குச் சளி பிடிக்கப் போகிறது என்று எதிரே உள்ள கண்ணாடியில் எழுதிக் காட்டும்.

அன்று காலை வேதநாயகிக்கு அது எழுதியது: "கீழ்வலது கடைவாய்ப் பல்லில் சொத்தை. ஆழம் ஒரு மில்லிமீட்டர். அடைத்துக்கொள்ளவும்."

"ஏங்க, இங்க வந்து பாருங்க. நாப்பத்தொன்பது வயசுல எனக்கும் சொத்தை வந்தாச்சு" என்று அவள் சிரித்தாள்.

கணவர் மாசிலாமணி சிரிக்கவில்லை. அப்போதே கைப்பலகையை எடுத்துக்கொண்டு பல் அடைப்புகளைப் பற்றித் தேட உட்கார்ந்துவிட்டார்.

குடியிருப்பின் காற்றுப் பிரிவில் வடிகட்டிகளைத் தேர்ந்தெடுப்பது அவர் வேலை. வீட்டிலும் அதே ஆள்தான். பூமியை விட்டு வருவதற்கு முன் ஒன்பது குடியிருப்புகளை இரண்டு வருடம் ஒப்பிட்டுப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தவர். வேதநாயகியின் செருப்பு, தலையணை, தைல புட்டி எல்லாம் அவர் பார்த்து வாங்கியவைதான். "அவர் பார்த்து எடுத்தா தப்பாப் போகாது" என்று பக்கத்து அறைக்காரர்களிடம் அவள் பெருமையாகச் சொல்வாள். அவளுக்கென்று வரும்போது அவர் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே தேடுவார். அன்பை வேறு எப்படிக் காட்டுவது என்று அவருக்குத் தெரியாது.

பல் அறையில் கூரைத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஆறு கைகளுடன் ஓர் இயந்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. குடியிருப்பு மொத்தமும் அதைப் பல்லி என்றுதான் கூப்பிட்டது. அதன் கீழே டாக்டர் ரெஜினா, வேதநாயகியின் பல்லைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார்.

"வெள்ளிக்கலவை இங்க கிடையாது. பாதரசம் இருக்கறதால மூடின காத்துல அனுமதிக்க மாட்டாங்க. கண்ணாடிப் பசை இருக்கு, பத்து நிமிஷத்துல இறுகிடும், அஞ்சாறு வருஷம் வரும். பிசின் இருக்கு, பல் நிறத்துலயே இருக்கும், பத்து வருஷம் தாங்கும். சின்னச் சொத்தைதான், இப்பவே பிசின் வெச்சிடலாம். கால் மணி நேர வேலை."

வேதநாயகி வாயைத் திறந்தாள். பல்லி ஒரு கையை இறக்கியது.

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்றார் மாசிலாமணி. "காத்தழுத்தம் மாறும்போது பிசின் ஓரத்துல விட்டுப்போகுதுன்னு எழுதியிருக்காங்களே?"

"எப்பவாவது ஒருத்தருக்கு நடக்கும். திரும்ப ஒட்டிக்கலாம்."

"பீங்கான் நாப்பது வருஷம் வருதாமே?"

"வரும். ஆனா இங்க செய்யறதில்ல. பூமியிலேருந்து வரணும், அஞ்சு மாசம் ஆகும்." டாக்டர் பல்லியின் கையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். "இங்க காத்து வறட்சி, வாய்ல எச்சில் ஊறாது. சொத்தை சீக்கிரமா உள்ள இறங்கும். காத்திருக்கறதுன்னா அதுவரைக்கும் கண்ணாடிப் பசையாவது வெச்சுக்கணும்."

அதையும் மாசிலாமணி படித்திருந்தார். ஒரு முறை தோண்டிப் பசை வைத்த பல்லில் பீங்கான் சரியாக உட்காருவதில்லை என்று யாரோ ஒருவர் எழுதியிருந்தார். "வேண்டாம் டாக்டர். வெச்சா ஒரே தடவையா நல்லதா வெச்சிடுவோம்" என்றார்.

டாக்டர் வேதநாயகியைப் பார்த்தார். அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

செவ்வாயின் நாள் பூமியின் நாளைவிட ஏறக்குறைய நாற்பது நிமிடம் நீளம். குடியிருப்பில் அந்த நேரத்தைச் சிலர் தூங்கிக் கழிப்பார்கள், சிலர் சீட்டாடுவார்கள். மாசிலாமணி பீங்கான் அடைப்புகளின் மதிப்புரைகளைப் படித்தார். ஐயாயிரத்துச் சொச்சம் இருந்தன. பதினோராம் நாள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்தார். அந்த மகிழ்ச்சியில் தானும் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்.

கண்ணாடி வாரம் தவறாமல் எழுதியது. ஒன்றரை மில்லிமீட்டர். இரண்டு. இரண்டரை. வேதநாயகி இடது பக்கமாக மென்று பழகினாள். பாசி முறுக்கென்றால் அவளுக்கு உயிர், அதை விட்டாள். சுடுநீரை ஆற வைத்துக் குடித்தாள்.

கப்பல் வர மூன்று வாரம் இருந்தபோது, அந்தப் பீங்கானில் புதிய வகை வந்திருப்பதாக அறிவிப்பு வந்தது. ஐம்பது வருடம் தாங்குமாம். மாசிலாமணி மூன்று நாள் யோசித்தார். பிறகு பழைய பதிவை நீக்கிவிட்டு, அடுத்த கப்பலில் புதியதற்குப் பதிந்தார்.

"இன்னும் அஞ்சு மாசமா?" என்றாள் வேதநாயகி. கன்னத்தில் கை இருந்தது. "ஏங்க, இருக்கறதுல ஏதோ ஒண்ண வெச்சுக்கலாமே."

"இவ்வளவு நாள் பொறுத்தாச்சு வேதா. இப்பப் போய் ஏதோ ஒண்ண வெச்சா, பொறுத்ததுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும்."

"உங்க இஷ்டம்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு மூன்றாவது மாதம் ஒருநாள் மதியம், வேலையிடத்தில் இருந்த அவருக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. பேச்சு குழறியது. அவர் ஓடி வந்து பார்த்தபோது தாடைக்குக் கீழே கழுத்து வரை வீங்கிப் பளபளத்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. நாக்கு மேலே தள்ளிக்கொண்டு வாய் மூட முடியவில்லை.

டாக்டர் ரெஜினா கழுத்தைத் திறந்து சீழை வடித்தார். மூச்சுக்குக் குழாய் வைத்தார். "பல்லோட வேர்லேருந்து கழுத்துக்குள்ள இறங்கிடுச்சு. இந்த மூடின காத்துலயே வளர்ந்த கிருமி சார், மருந்துக்கு அசைய மாட்டேங்குது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மாசிலாமணிக்குத் தோன்றியது.

இரண்டாம் நாள் அவளுக்கு நினைவு திரும்பியது. குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. எழுத ஏதாவது வேண்டும் என்று விரலால் காட்டினாள். அவர் கைப்பலகையை நீட்டினார். அதில் பீங்கானின் பக்கம் திறந்தபடியே இருந்தது. அவசரமாக அதை மூடிவிட்டுக் கொடுத்தார்.

அவள் மெல்ல எழுதினாள்: "நீங்க நல்லதுக்குத்தான் பாத்தீங்க."

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். தான் ஒப்பிடாமல் எடுத்த ஒரே முடிவு, பெண் பார்க்கப் போன முதல் வீட்டிலேயே இவளுக்குச் சரி சொன்னதுதான் என்பதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை என்று நினைத்துக்கொண்டார். சொல்வதற்குக் குனிந்தபோது அவள் மறுபடி மயங்கியிருந்தாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

ஒரு மாதம் அவர் கைப்பலகையைத் தொடவில்லை. பிறகு பதிவை நீக்குவதற்காக அந்தப் பக்கத்தைத் திறந்தார். கை தானாக மதிப்புரைகளுக்குப் போனது. இந்த முறை எதையும் தேடாமல் சும்மா படித்தார். "பதிந்திருக்கிறேன், ஆவலோடு காத்திருக்கிறேன், ஐந்து நட்சத்திரம்." "இன்னும் வரவில்லை, பார்க்கவே அழகாக இருக்கிறது." "இதைவிடச் சிறந்தது வேறில்லை என்று நினைக்கிறேன்." கீழே போய்க்கொண்டே இருந்தார். ஐயாயிரம் பேரில் அதை வாயில் வைத்துக்கொண்டவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. மற்றவர்கள் எல்லோரும் அவரைப் போலவே காத்திருப்பவர்கள். அவர் எழுதியதும் அவர்களுக்கு நடுவே இருந்தது.

அதை அழித்துவிட்டு எழுதினார்: "என் மனைவி இதற்காக எட்டு மாதம் காத்திருந்தாள். இறந்துவிட்டாள். பசையோ பிசினோ, கையில் இருப்பதை இன்றைக்கே வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து காத்திருக்காதீர்கள்."

ஒரு வாரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அது பயனுள்ளதாக இருந்தது என்று குறித்திருந்தார்கள். ஒரே ஒருவர் பதில் எழுதியிருந்தார்: "மிக்க நன்றி ஐயா. பசை, பிசின் இரண்டில் எது சிறந்தது? விவரமாக ஒப்பிட்டுச் சொல்ல முடியுமா? எனக்கு நான்கு மில்லிமீட்டர்."

அனுப்பியவர் பெயர் நிறைமதி. இதே குடியிருப்பு, நான்காம் வளையம். மாசிலாமணி பதில் எழுதவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்க் கதவைத் தட்டினார்.

முப்பது வயதுப் பெண் ஒருத்தி திறந்தாள். வலது கன்னம் உப்பியிருந்தது. கையில் பலகை.

"நான்தாம்மா அந்த மதிப்புரைய எழுதினவன்" என்றார் அவர். மூச்சு வாங்கியது. "டாக்டர் இப்ப அறையிலதான் இருக்காங்க. கிளம்புங்க. நான் கூட வர்றேன். கால் மணி நேர வேலைதான்."

அவள் கண்கள் கலங்கின. "சார், நீங்களா? நீங்க எழுதினதப் படிச்சு அழுதுட்டேன். ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க, அஞ்சு நட்சத்திரம் குடுத்தேன்." கதவை அகலத் திறந்து நாற்காலியைக் காட்டினாள். "உள்ள வந்து உக்காருங்க சார். இன்னும் அறுபது எழுபது மதிப்புரைதான் பாக்கி. படிச்சு முடிச்சதும் கிளம்பிடலாம்."