சாவி திரும்பும் சத்தம்

எஞ்சின் மறுபடியும் நின்றது. நின்ற விதம்தான் மெக்கானிக்குக்குப் பிடிக்கவில்லை. பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி இருமும், திணறும். பொறி கொடுக்கும் எலெக்ட்ரானிக் பெட்டி சூடேறிப் போனால் விட்டுவிட்டு உதறும். இதுவோ பேச்சின் நடுவில் வாயைப் பொத்தியதுபோல் பட்டென்று அடங்கியது. தகரக் கூரையில் மழை மட்டும் கேட்டது.

"ஏன்க்கா ஆஃப் பண்ணே?"

"நான் தொடவே இல்லடா."

தூக்கிய பானெட்டுக்குப் பின்னால் அக்காவின் முகம் தெரியவில்லை. ஓட்டுநர் இருக்கையில் அவளே பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். அக்காவின் கணவரான மாமாவோடு தண்டவாளத்தின் மேல் நின்றுபோய், அவர் உயிரைக் குடித்த கார் இது. பின்பக்கத்தை ரயில் பிய்த்துக்கொண்டு போயிருந்தது, முன்பக்கம் நலுங்கவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? வண்டி தானாக நின்றதா, மாமாவே நிறுத்தினாரா என்பது மட்டும் அக்காவுக்குத் தெரிய வேண்டும்.

கோளாறு கிடைத்துவிட வேண்டுமே என்று அவன் மனம் அடித்துக்கொண்டது. பெட்ரோல் கேனை உயரத்தில் தொங்கவிட்டுச் சோதித்தான்; பெட்ரோல் தடையில்லாமல் இறங்கியது. பிளக்கில் பொறி நீலமாகத் தெறித்தது. எலெக்ட்ரானிக் பெட்டியை ஹேர் டிரையரால் சூடேற்றியும் அது அசரவில்லை. கடைசியாக, பொறியை உண்டாக்கும் காயிலுக்குச் சாவி சுவிட்சிலிருந்து மின்சாரம் வரும் ஒயரில் ஒரு சின்ன பல்பை மாட்டினான்.

"ஸ்டார்ட் பண்ணுக்கா."

எஞ்சின் பிடித்தது. சற்று நேரத்தில் பல்பு அணைந்தது, கூடவே எஞ்சினும்.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அக்கா, சாவி சுவிட்சுதான் கோளாறு! மாமா நிறுத்தல!"

நிச்சயப்படுத்திக்கொள்ள, பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராக ஒரு ஒயரை இழுத்தான். இனிச் சாவியால் எஞ்சினை நிறுத்த முடியாது. எஞ்சின் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. கிரீசும் சூடேறிய ரப்பரும் மழை ஈரமும் கலந்த வாடைக்குள், மாமா சவரம் செய்ததும் பூசிக்கொள்ளும் லோஷனின் வாசனை மெல்ல வந்து சேர்ந்தது.

க்ளிக்.

கெட்டுப்போன சுவிட்சு தானாகத் திரும்பாது.

க்ளிக். மறுபடி க்ளிக்.

"தம்பி... சாவி தானா திரும்புது."

சுற்றிக்கொண்டு ஓடினான். கதவு திறக்கவில்லை. கண்ணாடி வழியே பார்த்தான். சாவி அணைக்கும் பக்கம் திரும்பியது. எஞ்சின் நிற்கவில்லை. மறுபடி போடும் பக்கம் வந்து, மறுபடி அணைக்கும் பக்கம் திரும்பியது. பதற்றமே இல்லை. வீடு வந்து சேர்ந்து வண்டியை நிறுத்துகிறவரின் நிதானம்.

பயத்தில் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினான்.

அமைதி. மழைகூட இல்லை.

அந்தப் பக்கத்தில் எங்குமே ரயில் பாதை கிடையாது. ஆனால் ரயிலின் ஹாரன் கேட்டது.

பானெட்டை இறக்கினான். தகரச் சுவர் இருந்த பக்கத்திலிருந்து ஒரு வெளிச்சம் அக்காவின் கன்னத்தில் விழுந்து, பெருத்துக்கொண்டே வந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"அவருதான்டா நிறுத்தினாரு."

மடியில் கிடந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கை இறுக்கிப் பிடித்ததுபோல் அதன் சதையில் ஐந்து விரல் குழிகள் விழுந்திருந்தன. அவை மெல்ல மெல்ல ஆழமாகிக்கொண்டிருந்தன.