பென்சிலில் நின்ற ஆட்டம்

கிளம்புவதற்கு முன் பூங்கோதை கடைசியாகச் செய்த வேலை, கணவருக்குப் பென்சில் சீவிக் கொடுத்ததுதான். அன்று 2022 உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டம்; அர்ஜெண்டினாவும் பிரான்ஸும்.

அவள் கணவர், ஜவ்வாது மலைத் தபால்காரர் இளவழகன், 1930-இலிருந்து எல்லாக் கோப்பைகளையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். முதல் பக்கத்தில் உருகுவே 4, அர்ஜெண்டினா 2. போரால் ஆட்டம் நடக்காத 1942-க்கும் 1946-க்கும் வெற்றுப் பக்கங்கள். டிவியில் பார்க்கும்போது கோல் விழ விழப் பென்சிலில் குறிப்பார். ஆட்டம் முடிந்த பிறகே மேலே மையால் முடிவை எழுதுவார்.

"இன்னா கொழந்தன்னு போன் பண்ணு," என்றார். தங்கையின் பிரசவத்துக்காக அவள் போளூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவருக்கு முன்பே ஒருமுறை நெஞ்சுவலி வந்திருந்ததால், கொழுந்தன் பூபாலனைத் துணைக்கு வைத்திருந்தாள். விடிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

காரியம் முடிந்த மறுநாள், ஓய்வுபெற்ற ஏட்டு ஜீவானந்தத்திடம் நோட்டையும் தன் போனையும் நீட்டினாள்.

"அன்னிக்கு ராத்திரி பத்து அம்பத்தெட்டுக்கு அவரு போன் பண்ணிருக்காருங்க. ஆஸ்பத்திரின்னு சத்தத்த அணைச்சி வச்சிருந்தேன். கொழுந்தன், 'பாதி ஆட்டத்துலயே தூங்கிட்டாரு, தூக்கத்துல கை பட்டிருக்கும்'ங்கறான். அவரு என்னக் கூப்புட்டாரா இல்லியா? அது தெரிஞ்சா போதும்."

"வெசமா இருக்குமோ சார்?" என்றான் ஜீப் ஓட்டும் சதீஸ்குமார். ஜீவானந்தம் எங்கே போனாலும் கூடப் போகிறவன்.

"நீ மொதல்ல ஜீப்ப எடு."

மலை வீட்டில் பூபாலன் அதையே சொன்னான். "பாதி ஆட்டத்துல ரெண்டுக்கு ஜீரோ சார். 'கப்பு அர்ஜெண்டினாவுக்குத்தான்'னு டிவிய அணைச்சிட்டுப் படுத்தாரு. நானும் பக்கத்துலயே படுத்துட்டேன்."

ஜீவானந்தம் நோட்டை விரித்தார். பென்சிலில் 1-0, 2-0, 2-1, 2-2, 3-2. மேலே மை இல்லை.

"பேப்பரப் பாத்துப் பின்னாடி யாராவது எழுதிருப்பாங்க," என்றான் சதீஸ்குமார்.

"பேப்பரப் பாத்து எழுதறவன் முடிவையும் எழுதுவான்டா. அப்புறம் மூணுக்கு மூணு ஆச்சு, பெனால்டியில அர்ஜெண்டினா ஜெயிச்சுது. ஊருக்கே தெரியும். அதப் பாக்காத ஒருத்தர்தான் மூணுக்கு ரெண்டுல நிறுத்துவாரு. அந்த மூணாவது கோல் விழுந்தப்ப மணி பதினொண்ணு ஆவப்போவுது. முழிச்சினுதான் இருந்திருக்காரு." அவர் பூபாலன் பக்கம் திரும்பினார். "நீ பக்கத்துல இருந்திருந்தா, உன்ன எழுப்பாம போளூருக்கு ஏன்பா போன் போட்டாரு?"

பூபாலன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான்.

"நெல்லிவாசல்ல கூட்டாளிங்க பெரிய திரை கட்டிருந்தாங்க. 'நான் நோட்டு எழுதினு இருப்பேன், நீ போடா'ன்னு அண்ணன்தான் சொன்னாரு. பாதி ஆட்டத்துல போய்ட்டேன். விடியக்காலம் வந்தேன். அர்ஜெண்டினா ஜெயிச்சத அவருகிட்ட சொல்லத்தான் ஓடியாந்தேன், அண்ணி."

ஜீவானந்தம் நோட்டை மூடி அவளிடம் கொடுத்தார். "கூப்புட்டிருக்காரும்மா," என்றார் மெதுவாக.

"போன நானும்தான் எடுக்கல, பூபாலா," என்றாள் பூங்கோதை.

அடுத்த வாரம் பூபாலன் பேனாவோடு வந்தான். "முடிவ எழுதிடட்டுமா அண்ணி?"

அவள் நோட்டைத் தரவில்லை. அந்தப் பக்கத்தில் இன்றும் அர்ஜெண்டினா 3, பிரான்ஸ் 2.